வெட்டுக்கிளிக்கு ரத்தப் பரிசோதனை

என் அண்ணன் மகளுக்கு ஊசி என்றால் பயமே கிடையாது. சட்டைக் கையை மடித்துவிட்டு, ஏதோ வளையல் போட்டுக்கொள்ள வந்தவள்போல் கையை நீட்டிக்கொண்டு உட்காருவாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ரத்தம் எடுக்கிற எனக்கு அவள் நரம்பைத் தொட்டால் மட்டும் கை லேசாக நடுங்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டாள் கழுதை. "என்ன அத்தை, வேணும்னா நானே குத்திக்கட்டுமா?" என்பாள். பதினாறு வயதில் என்ன வாய்!

வீட்டில் அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். பெயர் வைத்தவள் நான்தான். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் நடந்து நான் பார்த்ததில்லை. பத்து வயதுக்குமேல் அந்தக் கால்கள் தனியாக வளர்ந்தன. உடம்பு மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. இப்போது ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறாள். அவள் வயதில் அந்தத் தூரத்தை அவளைவிட வேகமாக ஓடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. இதை நான் அத்தை என்பதற்காகச் சொல்லவில்லை. கடிகாரம் சொல்கிறது.

எனக்கு வேலை விளையாட்டரங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில். பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில், உடை மாற்றும் அறைக்கும் பந்து, வலை போட்டுவைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு நீள அறை. ஒரு பக்கம் நாற்காலி, ஊசி, பஞ்சு, குழாய்கள். மறுபக்கம் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரமும் குளிர்பெட்டியும். தலைக்கு மேலே யாராவது படியில் ஓடினால் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். ஜன்னல் ஒன்றே ஒன்று. அதைத் திறந்தால் ஓடுபாதையின் கடைசி வளைவு தெரியும்.

இந்தப் பருவம் தொடங்கியபோது எங்கள் டாக்டரம்மா ஒரு யோசனையோடு வந்தார். சின்ன வயதுதான், ஆனால் வேலையில் கெட்டி. வளர்கிற பிள்ளைகள் கடுமையாகப் பயிற்சி செய்யும்போது அவர்கள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பருவம் முழுக்கப் பார்க்கவேண்டும் என்றார். பதற்றத்தில் ஊறும் கார்ட்டிசால், உடம்பை வளர்க்கும் ஹார்மோன்கள், உள்ளே எங்காவது அழற்சி இருந்தால் காட்டிக்கொடுக்கும் சி.ஆர்.பி., அடிபட்ட தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் சி.கே. எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை அளக்கவேண்டும். முந்தின நாள் ஓடக்கூடாது, நன்றாகத் தூங்கவேண்டும், காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும். அவ்வளவுதான் விதி.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்களே என்று டாக்டரம்மா அவரவர் எண்ணை அவரவரிடம் சொன்னார். குண்டு எறிகிற பையன் ஒருவனுக்கு சி.கே. மற்றவர்களைவிட எக்கச்சக்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த கோச், விஷயம் கேட்டுவிட்டு, அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "அப்போ நீதான்டா உண்மையா உழைக்கிறவன்!" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். வாயை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

மூன்றாவது மாதம் இயந்திரம் காட்டிய எண்களைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லோருக்கும் சி.கே. கூரையைத் தொட்டது. டாக்டரம்மா முதலில் காய்ச்சல் ஏதாவது பரவுகிறதா என்று கேட்டார். பிறகு இயந்திரத்தைச் சந்தேகப்பட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, மெல்ல, "ரத்தம் எடுக்கும்போது கொஞ்சம் வேகமா இழுத்திருப்பீங்களோ?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நான் ஊசி பிடிச்சப்போ நீங்க பால்புட்டி பிடிச்சிருந்தீங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்கு அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனாலும் விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த முறை ரத்தம் எடுப்பதற்கு முந்தின நாள், ஓய்வு நாள், குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கூரையிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. ஒரு ஆள் ஓடினால் உதிர்வதுபோல் இல்லை, மழைபோல் கொட்டியது. மேலே போய்ப் பார்த்தேன். ஆட்கள் உட்காரும் உயரப் படிகளில் எங்கள் அணி மொத்தமும் மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாகக் குதித்துக்கொண்டிருந்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு சில பேர் முனகினார்கள். முன்னால் நின்று, "இன்னும் ஒரு சுத்து! நாளைக்கு நம்ம நம்பரைப் பார்த்து கோச் வாயைப் பிளக்கணும்!" என்று கத்திக்கொண்டிருந்தாள் என் வெட்டுக்கிளி.

விசாரித்ததில் குட்டு வெளிப்பட்டது. அந்த எண்ணை இவர்கள் மார்க் என்று நினைத்திருக்கிறார்கள்! யாருக்கு அதிகமோ அவர்தான் முதல் ராங்க். பரீட்சைக்கு முந்தின நாள் விழுந்து விழுந்து படிப்பதுபோல், ரத்தம் எடுப்பதற்கு முந்தின நாள் விழுந்து விழுந்து குதித்திருக்கிறார்கள். படியில் ஏறுவதைவிட இறங்கிக் குதித்தால் சதை அதிகம் நோகிறது என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த மூளையைப் பாடத்தில் காட்டியிருந்தால் இவர்கள் அம்மாக்கள் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

டாக்டரம்மா எல்லோரையும் உட்காரவைத்தார். "இது மார்க் இல்ல. உங்க சதையில எவ்வளவு காயம்னு சொல்ற அளவு. காயத்துக்கா போட்டி போடுறீங்க?" என்றார். குண்டு எறிகிற பையன், "அப்போ நான் ஃபர்ஸ்ட் இல்லையா?" என்று பரிதாபமாகக் கேட்டான். கோச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாரம் யாரும் ஓடக்கூடாது, அதன் பிறகு மறுபடி ரத்தம் என்று முடிவாயிற்று. இதைச் சொல்லிச் சொல்லி நானும் டாக்டரம்மாவும் அந்த வாரம் முழுக்கச் சிரித்தோம்.

ஒரு வாரம் கழித்து வந்த எண்களோடு சிரிப்பு நின்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாம் இறங்கியிருந்தது. ஓய்வு கொடுத்தால் இளம் உடம்பு எவ்வளவு சீக்கிரம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்று பார்க்கவே ஆசையாக இருந்தது. ஒரு குழாய் மட்டும் இறங்கவில்லை. அழற்சி அப்படியே கனன்றுகொண்டிருந்தது, கார்ட்டிசால் உச்சியில் நின்றது, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டியிருந்தது. குழாயில் என் கையெழுத்தில் என் மருமகள் பெயர்.

டாக்டரம்மா அவளையும் அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டார். நான் வேலை இருப்பதுபோல் குளிர்பெட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா அவள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரலை வைத்து அழுத்தினார். வெட்டுக்கிளி பல்லைக் கடித்தாள். எத்தனை நாளாக வலி என்றதற்கு, "அது பாட்டுக்கு இருக்கும்" என்றாள். பிறகு டாக்டரம்மா மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார்.

"அதுவா? நின்னு ரொம்ப மாசமாச்சு டாக்டர். நல்லதுதானே? சீனியர் அக்காங்க சொன்னாங்க, அது நின்னாத்தான் உடம்பு சரியான ஓட்டக்காரியா மாறிடுச்சுன்னு அர்த்தமாம்."

பெருமையாகச் சொன்னாள். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. தனக்கே தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அண்ணன் ஜன்னல் வழியே ஓடுபாதையைப் பார்க்க ஆரம்பித்தார். பெண்கள் சமாசாரம் வந்தால் அவருக்கு உடனே வெளியில் ஏதாவது தெரியும்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "வீட்டுல சமைச்சது குறைவா இருந்தா என்ன செய்வீங்க? முதல்ல விருந்தாளியக் கூப்பிடுறத நிறுத்துவீங்க. உடம்பும் அப்படித்தான். இவ ஓடுற ஓட்டத்துக்கு இவ சாப்பிடுறது பத்தல. அதனால வளர்ச்சி, எலும்பு, மாதவிலக்குன்னு ஒவ்வொண்ணா நிறுத்திட்டு இருக்கு. எலும்பு கட்டுற வயசு இதுதான். இப்ப விட்டா அப்புறம் கட்ட முடியாது. இப்படியே ஓடினா அந்தக் காலெலும்பு உடையும்." கடும் பயிற்சியை உடனே நிறுத்தவேண்டும், வேளாவேளைக்கு வயிறு நிறையச் சாப்பிடவேண்டும் என்றார். தேசிய முகாமுக்கான தேர்வு ஓட்டம் பருவக் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் மறுபடி ரத்தம் பார்க்கலாம். ஈஸ்ட்ரோஜன் ஏறியிருந்தால் ஓடட்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் என்மேல் பாய்ந்தார். "பிள்ளை ஆரோக்கியமா ஓடிட்டு இருந்தா. நீதான் ஊசியும் கையுமா நின்னு இதையெல்லாம் கிளப்பின."

"ஆமாண்ணே. நான் குத்தலைன்னா வியாதி வந்திருக்கவே வந்திருக்காது. போய் அவளுக்கு முட்டை வாங்குங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் சண்டை எப்போதும் கடைக்குப் போவதில்தான் முடியும்.

வெட்டுக்கிளி சாப்பிட்டாள். நாங்கள் பார்க்கும்போது சாப்பிட்டாள். ஆனால் விடிந்ததும் பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, கடையைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாலோடு திரும்பியிருக்கிறாள். அண்ணிக்கு வெகு நாட்கள் இது தெரியவில்லை. கடையில் கூட்டம் என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

மறுபரிசோதனை நாளன்று நான் கூடத்தைத் திறக்கும்போதே கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வழக்கமான வாய் இல்லை.

"அத்தை, ஒரு உதவி."

"சொல்லு."

"என் குழாயில உன் ரத்தத்தை ஊத்திடு."

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீ நல்லாத்தானே இருக்க. ஒரே குடும்ப ரத்தம். யாருக்குத் தெரியப் போகுது? நேத்துகூட ஓடினேன் அத்தை. நம்பர் ஏறியிருக்காதுன்னு எனக்கே தெரியும். ஒரே ஒரு ஓட்டம். அது முடிஞ்சதும் நீ சொல்ற மாதிரியெல்லாம் கேக்குறேன். படுன்னா படுக்குறேன். சாப்பிடுன்னா சாப்பிடுறேன்."

அழவில்லை அவள். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியில் என்ன இல்லை! அவளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தவள் நான். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவள் இவள். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்குப் பழக்கமே இல்லை. செய்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. பாசம் வைத்தவர்களுக்குத் தெரியும் அந்த நொடி.

பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. பரிசோதனைக்கான புது மருந்துப் பெட்டி வரும்போதெல்லாம் இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க என் ரத்தத்தைத்தான் முதலில் போடுவேன். என் எண்கள் எனக்கு மனப்பாடம்.

"ஊத்தினாலும் பிரயோஜனம் இல்லடி" என்றேன்.

"ஏன்?"

"எனக்கு எப்பவோ நின்னுபோச்சு. என் வயசுல நிக்கணும், நின்னுச்சு. உன் ஈஸ்ட்ரோஜனும் என் ஈஸ்ட்ரோஜனும் பக்கத்துப் பக்கத்துலதான் நிக்குது. உன் குழாய எடுத்து என் பேர் ஒட்டினா டாக்டர் கண்டுபிடிக்கக்கூட மாட்டாங்க. நீ இப்ப அம்பது வயசுக்காரி, புரியுதா? அம்பது வயசுக்காரி எலும்ப வச்சுக்கிட்டுத்தான் நீ பந்தயத்துக்குப் போகப்போற."

அவள் என்னையே பார்த்தாள். என் நரைத்த தலையை, மூக்குக் கண்ணாடியை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற இந்த உடம்பை. தன் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தாள்.

"எடு" என்றாள்.

அன்று கை நடுங்கவில்லை எனக்கு. நடுங்கியிருந்தால் அவள் எழுந்து ஓடியிருப்பாள் என்று பயம். ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் ஏறியிருந்தது. போதுமான அளவு ஏறவில்லை. டாக்டரம்மா கையெழுத்துப் போடவில்லை. கோச் தானே வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டும்போது அவர் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு வெட்டுக்கிளி என்னோடு பேசவில்லை. நான் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, உன் நாத்தனாரை அந்தப் பக்கம் தள்ளி உக்காரச் சொல்லு" என்பாள். அண்ணி சிரிப்பை அடக்கமுடியாமல் அடுப்படிக்குள் ஓடுவாள். "உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க அண்ணி, நான் உக்காந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்" என்பேன் நானும். உள்ளுக்குள் எனக்கு எப்படி வலித்தது என்பது வேறு விஷயம்.

ஆனால் ஒன்று. ஓட ஒன்றும் இல்லை என்றானதும் அவள் ஓடவில்லை. பால் வாங்கப் போனால் பாலோடு திரும்பினாள். கோபத்தில் சோற்றை வெளுத்துக்கட்டினாள், என்னை முறைத்துக்கொண்டே இரண்டாவது தட்டு சாப்பிட்டாள். கோபத்திலேயே விடியும்வரை தூங்கினாள். எனக்கு எதிராகச் சாப்பிடுகிறாளே, இருக்கட்டும், தெய்வமே, இந்தக் கோபம் ஆறாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

தேர்வு ஓட்டத்தன்று அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். எனக்கு இரண்டு படி கீழே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளோடு தினமும் ஓடிய நெட்டைப் பெண் ஒருத்தி இருந்தாள். எப்போதும் இவளுக்குப் பின்னால் இரண்டாவதாக வருகிறவள். துப்பாக்கி வெடித்ததும் நெட்டை முன்னால் போனாள். வெட்டுக்கிளி கல்லாக உட்கார்ந்திருந்தாள். கடைசி வளைவில் நெட்டையை வேறொருத்தி நெருங்கினாள். அவ்வளவுதான், இவள் துள்ளி எழுந்துவிட்டாள். "கையைத் தூக்குடி! திரும்பிப் பாக்காத! ஓடு, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நெட்டை ஜெயித்தாள். முகாமுக்கு அவள்தான் போகிறாள்.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது வெட்டுக்கிளி மட்டும் மெல்ல உட்கார்ந்தாள். குனிந்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு படிகளையும் நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

"என்னடி ஆச்சு?"

"நான் ஓடியிருந்தா அவளை முந்தியிருப்பேன்ல?"

"முந்தியிருப்ப. சந்தேகமே இல்ல. அதுவா உன்னை இப்படிக் குனிய வைக்குது?"

"இல்ல. வயிறு வலிக்குது. காலையிலேருந்தே. கீழ பிடிச்சு இழுக்குது, இடுப்பெல்லாம்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது.

"வலிக்குதா?" என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, இந்தப் பொம்பளை இளிக்கிறாளே என்று அவர்கள் நினைத்திருக்கவேண்டும். ஆமாம், அவளும் அழுதுகொண்டிருந்தாள். அந்த ஓட்டத்துக்காக, இத்தனை நாள் அடக்கிவைத்த எல்லாவற்றுக்காகவும், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"ரொம்ப வலிக்குது அத்தை."

"வலிக்கட்டும் என் தங்கமே" என்றேன், அவள் முதுகைத் தடவிக்கொண்டே. "நல்லா வலிக்கட்டும்."